பொறியாளர் அமைத்த அரண்

காற்பந்தாட்டத்தில் கோல் போடுபவரின் பெயரைச் சிறுவரும் பெரியவரும் நினைவில் வைத்திருப்பர். கோல் விழாமல் தடுத்தவரின் பெயர் பெரும்பாலும் மறுநாளே மறந்துபோகும். தற்காப்பு ஆட்டக்காரர் தம் வேலையைச் சரியாகச் செய்தால் திடலில் எதுவுமே நடவாதது போல இருக்கும். அவர் ஒரு முறை தவறினாலோ, அரங்கமே அவரைத் திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட தற்காப்பு ஆட்டக்காரராகத் தம் வாழ்க்கையைத் தொடங்கி, பின்னர்த் தம் நாட்டுக்கு முதல் பெரிய கிண்ணத்தைப் பெற்றுத் தந்த பயிற்றுநர்தான் போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த பெர்னாண்டோ சாந்தோஸ்.

படிப்பும் பந்தும்

பெர்னாண்டோ சாந்தோஸ் 1954ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் பிறந்தார். இளமையில் பென்பிகா குழுவின் இளையர் அணியில் பயிற்சி பெற்றார். பின்னர், லிஸ்பனுக்கு அருகில் கடலோரத்தில் அமைந்துள்ள எஸ்தோரில் நகரின் குழுவில் சேர்ந்து, தற்காப்பு ஆட்டக்காரராக விளையாடினார். இடையில் மதெய்ரா தீவைச் சேர்ந்த மரித்திமோ குழுவுக்கும் ஆடினார். அவர் நாடறிந்த நட்சத்திர ஆட்டக்காரராக விளங்கவில்லை. போர்ச்சுகல் தேசிய அணியின் சீருடையை ஆட்டக்காரராக அணியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை.

ஆயினும், அவர் காற்பந்து ஒன்றையே நம்பியிருக்கவில்லை. விளையாடிக்கொண்டே லிஸ்பனில் உள்ள பொறியியல் உயர்கல்வி நிலையத்தில் மின்னியல், தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்று, 1977ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பிறகு எஸ்தோரிலில் உள்ள ஒரு தங்கும் விடுதியின் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராகவும் பணியாற்றினார். திடலில் எதிரணியின் தாக்குதலைத் தடுத்த அதே மனிதர், விடுதியில் மின்கம்பிகளையும் இயந்திரங்களையும் பழுதாகாமல் காத்தார்.

இவ்விரண்டு வேலைகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பராமரிப்புப் பொறியாளர் விளக்கு அணைந்த பிறகு ஓடிவருபவராக மட்டும் இருந்தால் போதாது. அது அணையக்கூடிய இடம் எது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தற்காப்பு ஆட்டக்காரரும் அப்படியே. பந்து வந்த பின் பாய்வதைவிட, அது எங்கு வரும் என்பதை முன்னரே கணித்து அங்கு நிற்பதே அவருக்கு அழகு. 'வருமுன் காப்போம்' என்னும் இந்த எண்ணமே சாந்தோசின் பயிற்சி முறைக்கு அடித்தளமாக அமைந்தது.

ஐந்தாம் வெற்றியின் பொறியாளர்

ஆட்டக்காரராக ஓய்வு பெற்றபின், 1980களின் இறுதியில் அவர் தம் பழைய எஸ்தோரில் குழுவுக்கே பயிற்றுநரானார். அக்குழு படிப்படியாக முன்னேறி, 1991ஆம் ஆண்டு போர்ச்சுகலின் முதல்நிலை லீக்கில் இடம்பிடித்தது. 1994ஆம் ஆண்டு முதல் எஸ்த்ரேலா டா அமடோரா என்னும் சிறிய குழுவுக்கு நான்கு பருவங்கள் பயிற்சி அளித்தார். பெரும் பணமோ புகழ்பெற்ற ஆட்டக்காரர்களோ இல்லாத குழுக்களுடன் பணியாற்றிய அந்த ஆண்டுகள் அவருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தன. இருப்பதைக் கொண்டு சிறப்பாகச் செய்வதே அப்பாடம்.

1998ஆம் ஆண்டு போர்த்தோ குழு அவரை அழைத்தது. அக்குழு அதற்கு முன்பு தொடர்ந்து நான்கு முறை லீக் பட்டத்தை வென்றிருந்தது. போர்ச்சுகலில் எந்தக் குழுவும் அதுவரை ஐந்து முறை தொடர்ந்து வென்றதில்லை. எனவே, புதிய பயிற்றுநரின் மீது பெரும் சுமை ஏற்றப்பட்டது. வென்றால், 'முன்னவர்கள் போட்ட பாதை' என்பார்கள். தோற்றால், 'இவரால் கெட்டது' என்பார்கள். 1998-99 பருவத்தில் போர்த்தோ ஐந்தாவது முறையும் பட்டத்தை வென்றது. அன்று முதல் சாந்தோசை மக்கள் 'ஐந்தாம் வெற்றியின் பொறியாளர்' என்றே அழைக்கலாயினர். அவர் படித்த படிப்பும் பெற்ற வெற்றியும் ஒரே பட்டப்பெயரில் இணைந்தன.

ஏற்றமும் இறக்கமும்

பயிற்றுநரின் வாழ்க்கை எப்போதும் ஏறுமுகமாகவே இருப்பதில்லை. போர்த்தோவை விட்டு 2001ஆம் ஆண்டு விலகிய சாந்தோஸ், கிரேக்க நாட்டுக்குச் சென்றார். அங்கு ஏ.இ.கே. ஏதென்ஸ் குழு 2002ஆம் ஆண்டு கிரேக்கக் கிண்ணத்தை வெல்லத் துணைநின்றார். பின்னர்த் தாய்நாடு திரும்பி ஸ்போர்டிங், பென்பிகா ஆகிய பெரிய குழுக்களுக்கும் பயிற்சி அளித்தார். போர்ச்சுகலின் மூன்று பெரிய குழுக்களான போர்த்தோ, ஸ்போர்டிங், பென்பிகா ஆகிய மூன்றுக்கும் பயிற்றுநராக இருந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் அவரும் ஒருவர்.

எனினும், ஸ்போர்டிங்கிலும் பென்பிகாவிலும் அவருக்கு லீக் பட்டம் கிட்டவில்லை. 2007-08 பருவத்தின் முதல் லீக் ஆட்டம் சமநிலையில் முடிந்ததும் பென்பிகா குழு அவரைப் பணியிலிருந்து நீக்கியது. ஒரே ஓர் ஆட்டத்தோடு ஒரு பருவமே அவருக்கு முடிந்துபோனது. இளமையில் தாம் பயிற்சி பெற்ற குழுவே தம்மை வெளியேற்றுவது யாருக்கும் எளிதில் ஆறக்கூடிய காயமன்று.

சாந்தோஸ் மீண்டும் கிரேக்க நாட்டுக்கே சென்றார். தெசலோனிக்கி நகரின் பாவோக் குழுவுக்குப் பொறுப்பேற்று, மூன்றே ஆண்டுகளில் அக்குழுவைச் சாம்பியன்ஸ் லீக் போட்டியின் தகுதிச் சுற்று வரை கொண்டு சென்றார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதற்கு அந்த ஆண்டுகள் சான்றாயின.

கிரேக்கம் கற்பித்த பாடம்

2010ஆம் ஆண்டு கிரேக்கத் தேசிய அணி அவரைத் தலைமைப் பயிற்றுநராக நியமித்தது. அதில் ஒரு வியப்பும் அடங்கியிருந்தது. 2004ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டி போர்ச்சுகலில் நடைபெற்றது. லிஸ்பனில் நடந்த இறுதியாட்டத்தில், சொந்த மண்ணில் ஆடிய போர்ச்சுகலை 1-0 என்று தோற்கடித்துக் கிண்ணத்தைத் தட்டிச் சென்றது கிரேக்க அணிதான். அன்று பத்தொன்பது வயது இளைஞராக இருந்த கிறிஸ்டியானோ ரொனால்டோ திடலிலேயே கண்ணீர் விட்டு அழுதார். அந்தக் கிரேக்க அணியை வழிநடத்திய ஜெர்மானியர் ஓட்டோ ரேஹாகல் விலகியபோது, அவருடைய இடத்துக்கு வந்தவர்தான் போர்ச்சுகீசியரான சாந்தோஸ்.

கிரேக்க அணி பெரிய நட்சத்திரங்களைக் கொண்ட அணியன்று. ஆனால், அனைவரும் சேர்ந்து தற்காக்கும் ஒழுங்கு அதனிடம் இருந்தது. சாந்தோஸ் அந்த ஒழுங்கைக் கட்டிக்காத்தார். 2012ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் கிரேக்கம் காலிறுதி வரை முன்னேறியது. 2014ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், தன் வரலாற்றிலேயே முதல்முறையாகக் குழுப் பிரிவைத் தாண்டி அடுத்த சுற்றுக்குச் சென்றது. அச்சுற்றில் கோஸ்டா ரிக்காவிடம் பினால்டி உதைகளில் தோற்றது. அந்த ஆட்டத்தில் பினால்டி உதைகள் தொடங்கும் முன்பே, நடுவரிடம் வாதிட்டதற்காகச் சாந்தோஸ் வெளியேற்றப்பட்டார். அதற்காக அவருக்கு எட்டு ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குப் பின் அது குறைக்கப்பட்டது. நிதானத்துக்குப் பெயர்பெற்றவரும் ஒரு கணம் நிதானம் இழந்தால் விலை கொடுத்தே ஆக வேண்டும் என்பதை இது உணர்த்தியது.

ஒரு கோல் போதும்

2014ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ச்சுகல் அணி, ஐரோப்பியக் கிண்ணத் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், சொந்தத் திடலிலேயே அல்பேனியாவிடம் 0-1 என்று தோற்றது. நாடே அதிர்ந்தது. அப்போதைய பயிற்றுநர் விலக, அப்பொறுப்பு சாந்தோசிடம் வந்தது.

அதன்பின் தகுதிச் சுற்றில் எஞ்சியிருந்த ஏழு ஆட்டங்களையும் போர்ச்சுகல் வென்றது. அந்த ஏழு வெற்றிகளும் ஒரே ஒரு கோல் வேறுபாட்டில் பெறப்பட்டவை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. எதிரணியை நான்கு, ஐந்து கோல்களில் நசுக்குவது அவருடைய நோக்கமன்று. 'நாம் கோல் விடாமல் இருந்தால், வெல்வதற்கு ஒரு கோல் போதும்' என்பதே அவருடைய ஆட்டமுறையின் சாரம்.

இந்த ஆட்டமுறை எப்படிச் செயல்படுகிறது? பந்து எதிரணியிடம் இருக்கும்போது தற்காப்பு ஆட்டக்காரர்கள் நால்வரும் ஒரு வரிசையாகவும், மத்தியத் திடல் ஆட்டக்காரர்கள் அவர்களுக்கு முன்னே மற்றொரு வரிசையாகவும் நிற்பார்கள். இரண்டு வரிசைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி மிகக் குறுகியதாக இருக்கும். கோல் கம்பங்களுக்கு நேர் எதிரேயுள்ள நடுப்பகுதியே மிகவும் ஆபத்தானது என்பதால், அதை முதலில் அடைத்துவிடுவார்கள். எதிரணிக்குத் திடலின் ஓரங்கள் மட்டுமே எஞ்சும். அங்கிருந்து பந்தை உயர்த்தி அடித்தால், உயரமான தற்காப்பு ஆட்டக்காரர்கள் அதைத் தலையால் முட்டி வெளியேற்றிவிடுவார்கள். எதிரணி முன்னேறி வந்து களைத்திருக்கும் நேரத்தில், பந்தைப் பறித்து விரைந்து தாக்குவார்கள். இதற்கு மிகுந்த பொறுமை தேவை. ஒருவர் மட்டும் ஆர்வமிகுதியால் வரிசையை விட்டு ஓடினாலும் அரணில் ஓட்டை விழுந்துவிடும்.

2016: பிரான்ஸ் மண்ணில்

2016ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டி பிரான்சில் நடைபெற்றது. அதில் முதல்முறையாக 24 அணிகள் பங்கேற்றன. போர்ச்சுகல் தன் குழுவில் ஐஸ்லாந்துடன் 1-1, ஆஸ்திரியாவுடன் 0-0, ஹங்கேரியுடன் 3-3 என்று மூன்று ஆட்டங்களிலும் சமநிலை கண்டது. ஒரு வெற்றிகூட இல்லாமல் குழுவில் மூன்றாம் இடத்தையே பிடித்தது. சிறந்த நான்கு மூன்றாம் இட அணிகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லலாம் என்னும் புதிய விதிதான் அதைக் காப்பாற்றியது.

நாளேடுகளும் ரசிகர்களும் குறைகூறத் தொடங்கினர். சாந்தோஸ் கலங்கவில்லை. தாம் ஜூலை 11ஆம் நாள்தான் வீடு திரும்பப்போவதாகத் தம் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டதாக அவர் செய்தியாளர்களிடம் கூறினார். இறுதியாட்டம் ஜூலை 10ஆம் நாள்! ஒரு வெற்றிகூடப் பெறாத அணியின் பயிற்றுநர் இப்படிப் பேசியதைப் பலரும் நம்பவில்லை.

ஆனால், அவர் வெறும் நம்பிக்கையோடு நின்றுவிடவில்லை. ஹங்கேரியிடம் மூன்று கோல்கள் வாங்கியதும் பழுது எங்கே என்பதைக் கண்டறிந்து அணியை மாற்றியமைத்தார். நீண்ட அனுபவமுள்ள ரிக்கார்டோ கார்வாலியோவுக்குப் பதிலாக ஜோசே பொண்டேயைத் தற்காப்பின் நடுவில் நிறுத்தினார். வலப்பக்கத்தில் செட்ரிக் சோரெசைக் கொண்டுவந்தார். அதன்பின் ஆடிய நான்கு ஆட்டங்களில் போர்ச்சுகல் வாங்கிய கோல் ஒன்றே ஒன்றுதான்.

குரோஷியாவுக்கு எதிரான ஆட்டம் அழகான ஆட்டமன்று. 117ஆம் நிமிடம் வரை எந்த அணியும் கோலை நோக்கிச் சரியாக ஓர் உதைகூட உதைக்கவில்லை. அந்த நிமிடத்தில் ரொனால்டோ உதைத்த பந்தைக் கோல்காவலர் தடுக்க, அது மேலெழும்பியது. ரிக்கார்டோ குவாரெஸ்மா அதைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். அடுத்து, போலந்துடனான காலிறுதி 1-1 என்று முடிந்து, பினால்டி உதைகளில் போர்ச்சுகல் வென்றது. அரையிறுதியில் வேல்ஸ் அணியை 2-0 என்று வீழ்த்தியது. அந்தப் போட்டி முழுவதிலும் வழக்கமான 90 நிமிடங்களுக்குள் போர்ச்சுகல் வென்ற ஒரே ஆட்டம் அதுதான்.

தலைவன் இல்லாத இறுதியாட்டம்

ஜூலை 10ஆம் நாள், பாரிஸ் நகரை ஒட்டிய பிரான்ஸ் தேசிய அரங்கில் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரணியோ போட்டியை ஏற்று நடத்திய பிரான்ஸ். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே பிரான்ஸ் ஆட்டக்காரருடன் மோதி ரொனால்டோவின் முழங்காலில் அடிபட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு ஆட முயன்றார், முடியவில்லை. 25ஆம் நிமிடத்தில் கண்ணீருடன் தூக்குப் படுக்கையில் வெளியேறினார்.

ஒரு நட்சத்திரத்தையே தூணாக நம்பிய அணியாக இருந்திருந்தால் அத்தோடு சரிந்திருக்கும். சாந்தோசின் அணி சரியவில்லை. ஏனெனில், அதன் வலிமை வரிசையில் இருந்தது. ஒருவர் போனாலும் வரிசை நின்றது. பெப்பேயும் பொண்டேயும் நடுவில் சுவராக நின்றனர். கோல்காவலர் ரூய் பத்ரீசியோ பல உதைகளைத் தடுத்தார். 90 நிமிடங்கள் கடந்து, கூட்டிய மணித்துளிகளில் பிரான்சின் கின்யாக் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அங்குலக் கணக்கில் போர்ச்சுகல் தப்பியது. திறமையோடு சிறிது நல்வாய்ப்பும் சேரவேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

79ஆம் நிமிடத்தில் சாந்தோஸ் ஒரு துணிவான முடிவை எடுத்திருந்தார். இளம் மத்தியத் திடல் ஆட்டக்காரரான ரெனாத்தோ சாஞ்சசை வெளியே அழைத்து, எடர் என்னும் தாக்குதல் ஆட்டக்காரரை இறக்கினார். எடர் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவில் பிறந்து, சிறு வயதிலேயே போர்ச்சுகலுக்கு வந்தவர். அந்தப் போட்டியில் அதுவரை அவர் கோல் எதுவும் போட்டிருக்கவில்லை. திடலில் இறங்கும்போது, தாம் கோல் போடப்போவதாக எடர் தம்மிடம் சொன்னார் என்று சாந்தோஸ் பின்னர்க் கூறினார். 109ஆம் நிமிடத்தில், கோல் பகுதிக்கு வெளியிலிருந்து எடர் தாழ்வாக உதைத்த பந்து வலைக்குள் பாய்ந்தது. போர்ச்சுகல் 1-0 என்று வென்றது. 2004ஆம் ஆண்டு சொந்த மண்ணில் இழந்ததைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வேற்று மண்ணில் அந்நாடு பெற்றது. ஆண்கள் தேசிய அணி வென்ற முதல் பெரிய கிண்ணம் அதுவே. சாந்தோஸ் தாம் சொன்னபடியே ஜூலை 11ஆம் நாள் கிண்ணத்தோடு வீடு திரும்பினார்.

கடினமான முடிவு

2019ஆம் ஆண்டு போர்த்தோ நகரில் நடந்த ஐரோப்பிய நாடுகள் லீக் இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை 1-0 என்று வென்று, சாந்தோசின் அணி இரண்டாவது பட்டத்தையும் பெற்றது. எனினும், 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திலும் 2021ஆம் ஆண்டு நடந்த ஐரோப்பியக் கிண்ணத்திலும் அது பதினாறு அணிகள் சுற்றிலேயே வெளியேறியது. திறமைமிக்க இளைஞர்கள் பலர் இருந்தும் அணி அளவுக்கு மீறித் தற்காக்கிறது என்று பலர் குறைகூறினர். ஒரு காலத்தில் வெற்றியைத் தந்த முறை, ஆட்டக்காரர்கள் மாறிய பின்னும் பொருந்துமா என்பது நியாயமான கேள்வியே.

2022ஆம் ஆண்டு கத்தார் உலகக் கிண்ணத்தில் அவர் தம் வாழ்வின் மிகக் கடினமான முடிவுகளுள் ஒன்றை எடுத்தார். சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில், அப்போது 37 வயதாகியிருந்த ரொனால்டோவைத் தொடக்க அணியில் சேர்க்காமல், 21 வயதான கொன்சாலோ ராமோசை இறக்கினார். ராமோஸ் மூன்று கோல்கள் போட்டார். போர்ச்சுகல் 6-1 என்று வென்றது. உலகமே அம்முடிவைப் பாராட்டியது. நான்கு நாள்களுக்குப் பின் காலிறுதியில் மொரோக்கோவிடம் போர்ச்சுகல் 0-1 என்று தோற்றது. அன்றும் ரொனால்டோ மாற்று ஆட்டக்காரராகவே இறங்கினார். இப்போது அதே முடிவைப் பலர் பழித்தனர். சில நாள்களில் சாந்தோசின் எட்டு ஆண்டுப் பணி முடிவுக்கு வந்தது. அதன்பின் போலந்து அணிக்குப் பொறுப்பேற்றபோதும் அவர் ஓராண்டைக்கூட நிறைவுசெய்யவில்லை.

வெற்றி வந்தால் துணிவு என்றும், தோல்வி வந்தால் பிடிவாதம் என்றும் ஒரே முடிவுக்கு உலகம் இரு பெயர் சூட்டும். முடிவின் பலன் தெரியும் முன்பே பயிற்றுநர் அதை எடுத்தாக வேண்டும். பழியையும் அவரே ஏற்றாக வேண்டும். தற்காப்பு ஆட்டக்காரரின் நிலையும் இதுவே அல்லவா?

பெர்னாண்டோ சாந்தோஸ் தம் வாழ்நாளில் சில கிண்ணங்களை வென்றார்; பல வேலைகளை இழந்தார். ஒரு குழு வெளியேற்றியபோது இன்னொரு குழுவில் முதலிலிருந்து தொடங்கினார். ஆட்டக்காரராகத் தேசிய அணியில் இடம்பெறாத அவர், பயிற்றுநராக அந்த அணியின் வரலாற்றையே மாற்றினார். 2016ஆம் ஆண்டு இறுதியாட்டத்தின் கோலைப் பற்றிப் பேசுவோர் எடரின் பெயரைச் சொல்வர். அது முறையே. ஆனால், 109ஆம் நிமிடம் வரை அந்த ஒரு கோலுக்காகக் காத்திருக்கக்கூடிய அரணை அமைத்தவர், ஒரு காலத்தில் விடுதியின் மின்கம்பிகளைக் காத்துவந்த அந்தப் பொறியாளரே.